சீருடை இல்லாத வீரம்: ஒரு நடிப்பு அலசல்

மாறுவேடக் காவலராக நடிப்பவருக்கு ஒரே காட்சியில் இரண்டு பொறுப்புகள் உண்டு. குற்றவாளி அவருடைய வேடத்தை நம்ப வேண்டும், பார்வையாளரோ அந்த வேடத்துக்கு அடியில் விழித்திருக்கும் அதிகாரியைக் காண வேண்டும். நடிப்புக்குள் நடிப்பு எனப்படும் இந்த ஈரடுக்கு முறையைத் தொலைக்காட்சியில் ஒரு பெண் பாத்திரத்தின் வழியாக முதலில் வலுவாக நிறுவியவர் அமெரிக்க நடிகை பெவர்லி கார்லண்ட்.

குற்றவாளியை ஈர்க்க நிறுத்தப்படும் ஆளைக் குறிக்கும் ‘டிகாய்’ என்ற தலைப்பில், 1957 அக்டோபரில் தொடங்கி 39 அத்தியாயங்கள் வெளிவந்த தொடரில், நியூயார்க் காவல்துறையின் கேசி ஜோன்ஸாக அவர் நடித்தார். கேசியின் நிலை, சடுகுடு ஆட்டத்தில் எதிரணிக் கட்டத்துக்குள் தனியாகப் பாடிச் செல்பவரின் நிலையாகும். கார்லண்ட் அந்த ஆபத்தைக் கூச்சலாலோ மிகை உணர்ச்சியாலோ காட்டாமல், அடங்கிய குரலாலும் நிதானமான பார்வையாலும் உணர்த்தினார். கதையின் முடிவில் கேமராவை நேராக நோக்கிப் பேசும்போது வேடம் முழுவதும் கழன்று, வழக்கின் பாரத்தைச் சுமக்கும் மனுஷி மட்டுமே எஞ்சுவதால், அந்த உத்தி வெறும் விளக்கவுரையாகத் தாழ்ந்துவிடவில்லை.

1974 முதல் 1978 வரை ஒளிபரப்பான ‘போலீஸ் வுமன்’ தொடரில் மாறுவேடக் காவலர் பெப்பர் ஆண்டர்சனாக நடித்து கோல்டன் குளோப் விருது பெற்ற ஆஞ்சி டிக்கின்சனிடம் கவர்ச்சியும் நகைச்சுவை உணர்வும் மிகுதியாக இருந்தன. ஆனால் நெருக்கடியின் உச்சத்தில் ஆண் சகாக்கள் வந்து அவரை மீட்பதாகப் பலமுறை கதை எழுதப்பட்டதால், அவர் கட்டியெழுப்பிய பதற்றத்தின் பலன் பிறர் கைக்குப் போனது. இது நடிகையின் குறையன்று, எழுத்தின் குறையாகும்.

மலேசியாவின் கடாரத்தில் உள்ள சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தமிழர்கள் திரையில் அறிந்த பெண் காவலர், பெரும்பாலும் விஜயசாந்தி நடித்த ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ வகையைச் சேர்ந்தவர். 1990-இல் வெளிவந்த ‘கர்த்தவ்யம்’ என்னும் தெலுங்கு மூலத்துக்காக அவர் தேசிய விருது பெற்றது முற்றிலும் தகும் என்றாலும், அங்கே சீருடையே பாதி வசனத்தைப் பேசிவிடுகிறது. சீருடையைக் கழற்றிவிட்ட பாத்திரத்துக்கோ அந்தத் துணையும் இல்லை.

திரைக்கு வெளியே, மலாயாக் காவல் படை 1955-இலேயே பெண்களைப் பயிற்சி இன்ஸ்பெக்டர்களாகச் சேர்த்துக்கொண்டது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், ரப்பர் தோட்டங்களைச் சுற்றி நடந்த போராட்டம் ஆயுதங்களை மட்டுமன்றி இரகசியத் தகவல்களையும் நம்பியிருந்தது. இவ்வளவு வரலாறு கைவசம் இருக்கையில், கடாரத்துத் தோட்டப்புறத்தைக் களமாகக் கொண்டு, தன் அறிவால் நுழைந்து தன் அறிவாலேயே மீளும் ஒரு தமிழ்ப் பெண் அதிகாரியை மலேசியத் தமிழ்த் தொடர்கள் படைக்க வேண்டும். அதற்குப் பெரும் செலவைக் காட்டிலும், நடிகையின் மௌனத்தை நம்பி இடம் விடும் எழுத்தே முதல் தேவை.