குடிநோயர் குடும்பமும் பங்குப்பெயர்களும்: ஒரு மொழிபெயர்ப்புத் திறனாய்வு

1. முன்னுரை

குடிநோய் குடிப்பவரோடு நின்றுவிடுவதில்லை. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தேசியப் போதைச்சார்பு சிகிச்சை மையம் தயாரித்து 2019இல் வெளிவந்த அறிக்கை, மதுவால் பாதிப்புற்று உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் 5.7 கோடிக்கு மேற்பட்டவர் என மதிப்பிட்டது. இவ்வெண் குடிப்போரையே சுட்டும். அவர்தம் மனைவியரும் பிள்ளைகளும் இதில் அடங்கார். இவர்களைப் பற்றிப் பேச ஆலோசனைத் துறை கையாளும் சொற்களுள் பல ஆங்கிலத்தில் பிறந்தவை. அவை தமிழுக்கு வரும்போது நேரும் பொருள்மாற்றத்தையும், தில்லி போன்ற பன்மொழிச் சூழலில் அவை காணத் தவறும் ஒரு பங்கினையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஐந்து பெயர்கள்

அமெரிக்க ஆலோசகர் ஷாரன் வெக்‌ஷைடர் 1981இல் வெளியிட்ட நூலில், குடிநோயரைச் சூழ்ந்த உறவினரை எனேப்ளர், ஹீரோ, ஸ்கேப்கோட், லாஸ்ட் சைல்ட், மேஸ்காட் எனப் பகுத்தார். குடியின் விளைவுகளை மறைத்துச் சமாளிப்பவர், சாதனையால் குடும்ப மானத்தைக் காப்பவர், அடங்காத நடத்தையால் கவனத்தைத் தன்பால் திருப்புபவர், ஓசையின்றி ஒதுங்கியிருப்பவர், சிரிக்கவைத்து இறுக்கத்தைத் தளர்த்துபவர் என முறையே இவற்றை விளக்கலாம். ஐந்தும் ஆட்பெயர்களாக நிற்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஒருவர் செய்யும் செயல் அவருடைய இயல்பாகவே பெயரிடப்பட்டுவிடுகிறது.

3. பொருள்மாற்றம்

எனேப்ளர் என்பதனைத் 'துணைபோபவர்' எனப் பெயர்ப்பது எளிது. ஆயின் தமிழில் 'துணைபோதல்' குற்றத்திற்கு உடந்தையாதலையே பெரிதும் உணர்த்தும். அதே 'துணை' என்னும் சொல்தான் 'வாழ்க்கைத்துணை' என்பதிலும் நிற்கிறது. திருக்குறளின் ஆறாம் அதிகாரம் 'வாழ்க்கைத் துணைநலம்' எனப் பெயர் பெற்றது. துணையாக இருப்பதே கடமை என்று கேட்டு வளர்ந்த மனைவியிடம் 'நீங்கள் துணைபோகிறீர்கள்' என்று கூறும்போது, விளக்கமாகத் தொடங்கிய சொல் தீர்ப்பாக முடிகிறது.

ஸ்கேப்கோட் என்பதற்குப் 'பலிகடா' வழங்குகிறது. ஆங்கிலச் சொல்லே ஒரு மொழிபெயர்ப்பாளரின் ஆக்கம். வில்லியம் டிண்டேல் 1530இல் லேவியராகமத்தைப் பெயர்த்தபோது அமைத்தது. அந்நூலில் வரும் இரண்டு ஆடுகளுள் ஒன்று பலியிடப்படும். மற்றொன்று மக்களின் பாவங்களைச் சுமந்து வனாந்தரத்திற்கு ஓட்டப்படும். ஸ்கேப்கோட் என்பது இரண்டாவது ஆடு. தமிழ்ச் சொல் முதலாவதை நினைவூட்டுகிறது. மேலும், பலிகடா செயலற்ற நிரபராதி. பள்ளிக்குச் செல்ல மறுத்தும் சண்டையிட்டும் வீட்டின் கவனத்தைத் திருப்பும் பிள்ளையின் நடத்தை இச்சொல்லில் இடம்பெறவில்லை. லாஸ்ட் சைல்ட் 'காணாமல்போன குழந்தை' ஆகுமெனில், காவல்நிலைய அறிவிப்பே நினைவுக்கு வரும். அப்பிள்ளையோ வீட்டிற்குள்ளேயே இருக்கிறது.

4. இலக்கணம் தரும் வழி

பெயர்ச்சொல் காலம் காட்டாது. வினையாலணையும் பெயர் காலம் காட்டும். 'மறைத்தவர்', 'மறைக்கிறவர்', 'மறைப்பவர்' என்னும் வேறுபாடு தமிழில் இயல்பானது. நேற்று மறைத்தவர் நாளை மறைக்காதிருக்கலாம் என்பதற்கு இவ்வடிவம் இடம் தருகிறது. 'எனேப்ளர்' என்னும் பெயரில் அந்த இடம் இல்லை. ஜிம் ஆர்ஃபோர்டும் அவர்தம் குழுவினரும் மெக்சிகோ, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் குடும்பங்களைப் பற்றி 2005இல் வெளியிட்ட நூலும் உறவினரை நோயாளராகக் கருதாமல், நெருக்கடியை எதிர்கொள்ளும் இயல்பான மாந்தராகவே கருதியது. ஈடுபடுதல், பொறுத்துப்போதல், விலகிநிற்றல் எனச் செயல்களையே அவர்கள் வகைப்படுத்தினர். தமிழின் வினைவழி ஆக்கம் இந்நோக்கிற்குப் பெரிதும் இசைவது.

5. பட்டியலில் இல்லாத பங்கு

தில்லியில் தமிழ்க் குடும்பம் ஒன்று மருத்துவரிடம் செல்லும்போது உரையாடல் பெரும்பாலும் இந்தியில் அமையும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளிலோ பிற பள்ளிகளிலோ பயிலும் பிள்ளைகளுக்குத் தமிழோடு இந்தியும் ஆங்கிலமும் பழகிவிடுகின்றன. தாய்க்கு இந்தி போதாதவிடத்துப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளராகிறது. புலம்பெயர்ந்தோர் பற்றிய ஆய்வுகள் இதனைப் பிள்ளைகளின் மொழித்தரகு என்று குறிப்பிடும்.

'அவருக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு' என்று தாய் கூறுவதாகக் கொள்வோம். நான்காம் வேற்றுமையால் கணவர் செய்பவராகாமல் பழக்கம் வந்தமைந்தவராகிறார். மது என்னும் சொல்லே தவிர்க்கப்படுகிறது. என்ன பழக்கம், எவ்வளவு, எத்தனை ஆண்டுகளாக என்று மருத்துவர் கேட்கும்போது, தாய் மூடிவைத்ததைப் பிள்ளை திறந்தாக வேண்டும். உள்ளதைச் சொன்னால் தந்தையைக் காட்டிக்கொடுத்ததாகும். மென்மையாக்கினால் சிகிச்சை பிழைபடும். பத்து வயதுப் பிள்ளைமேல் இச்சுமை ஏற்றப்படுவதை வெக்‌ஷைடரின் ஐந்து பெயர்களுள் ஒன்றும் சுட்டவில்லை.

6. முடிவுரை

ஆலோசனைக் கையேடுகளைத் தமிழாக்குவோர் ஆட்பெயர்களைத் தவிர்த்து, வினையாலணையும் பெயர்களையும் தொழிற்பெயர்களையும் மேற்கொள்வது பொருந்தும். மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதும், குடும்பப் பிள்ளைகளை அப்பணியிலிருந்து விடுவிப்பதும் மொழித் திட்டமிடலின் பகுதியாகக் கொள்ளத்தக்கன. இவ்விரண்டும் நிறைவேறினால்தான் குடும்பத்தினர் தம் நிலையைத் தம் சொற்களிலேயே எடுத்துரைக்க இயலும்.