காடு என்றால் காடு இல்லை

அமைப்பியல் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் மேல் எனக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. சசூர், பார்த், குறிப்பான், குறிப்பீடு என்று ஆரம்பித்து, 'மரம்' என்ற ஒலிக்கும் நிஜ மரத்துக்கும் இயல்பான உறவு எதுவும் இல்லை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். வகுப்பில் எடுத்த நோட்ஸ் மாதிரி இருக்கும். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன் நான். சர்க்யூட் வரைபடத்தில் ஒரு ஜிக்ஜாக் கோடு போட்டால் அது ரெசிஸ்டர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். இதுக்கு ஒரு தத்துவமா என்றுதான் முதலில் தோன்றியது.

தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வந்த புத்தகம். பிற்பாடு 'அமைப்பியலும் அதன் பிறகும்' என்ற பெயரில் வந்தது. அதிலிருந்து நூல் பிடித்து சசூருக்குப் போனேன். அவருடைய மொழியியல் பாடங்கள் 1916இல், அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து, மாணவர்களின் குறிப்பேடுகளைத் தொகுத்து வெளியிடப்பட்டவையாம். ஆக, நோட்ஸ் என்று நான் கிண்டல் செய்வது நியாயமில்லைதான்.

அதில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது வேறொரு கருத்து. ஒரு சொல்லின் மதிப்பு அந்தச் சொல்லுக்குள் இல்லை, பக்கத்தில் நிற்கும் மற்ற சொற்களோடு அது எப்படி வேறுபடுகிறது என்பதில் இருக்கிறது. இதைப் படித்தபோது என் பாட்டி ஞாபகம் வந்தது.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் மரம் வெட்டியவர். கோடரியால் இல்லை. பட்டையைச் சீவிப் பால் எடுப்பதற்கு இங்கே பேர் அதுதான். வேலைக்குக் கிளம்பும்போது "காட்டுக்குப் போறேன்" என்பார். அது என்ன காடு? நிரை பிடித்து, இடைவெளி அளந்து, கம்பெனி நட்ட மரங்கள். பால் வெட்டும் இடம் வெட்டுக்காடு. புல் வெட்டுவது, மருந்தடிப்பது போன்ற வேலைகள் வெளிக்காடு. கொங்கு நாட்டில் மழையை நம்பிய நிலம் காடு, கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். இரண்டும் அக்கம்பக்கத்து வயல்கள். இங்கேயோ தோட்டம் என்றால் லயம், கோயில், கள்ளுக்கடை, பள்ளிக்கூடம், மேட்டில் துரை பங்களா எல்லாம் சேர்ந்த ஓர் உலகம், காடு அதற்குள் ஒரு பகுதி. காட்டுக்கு எதிர்ப்பதம் நாடு இல்லை, லயம். கப்பலேறி வந்தவை அதே சொற்கள்தான். ஆனால் வரிசை மாறியதும் எல்லாவற்றின் மதிப்பும் மாறிவிட்டது.

நம் விமர்சனம் தடுக்கி விழுவது இங்கேதான். தோட்ட நாவல் ஒன்று வந்தால் 'வாழ்க்கையைத் தத்ரூபமாகக் காட்டியிருக்கிறார்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அகிலன் இங்கே வந்து பார்த்துவிட்டு எழுதிய 'பால்மரக் காட்டினிலே' நாவலின் தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு அது பச்சைப் பசேலென்ற ஒரு வனம். பாட்டிக்கு விடிகாலைப் பெரட்டு, மங்கு, வாளி, கொசு. அகிலனைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சரியாகக் காட்டினாரா இல்லையா என்ற கேள்வியால் இந்த இரட்டை வாசிப்பைத் தொடவே முடியாது என்கிறேன். தோட்டக் கதைகளுக்குப் பின்னால் அருஞ்சொற்பொருள் பட்டியல் போடுவதும் எனக்குப் பிடிக்காது. 'வெட்டுக்காடு - ரப்பர் மரம் சீவும் பகுதி' என்று எழுதியதும் அந்தச் சொல் தன் உறவுகளை இழந்து தனியாக நிற்கிறது.

அமைப்பியலிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு எதேச்சையானது, சரி. ஆனால் துரை பங்களா மேட்டிலும் லயம் பள்ளத்திலும் இருந்தது எதேச்சையா? மேடு/பள்ளம் என்று இருமை எதிர்வு போட்டுக் காட்டுவது சுலபம். அதைப் போட்டது யார், யாருக்கு லாபம் என்று கேட்டால் அமைப்பியல் மெல்ல நழுவிவிடுகிறது. எல்பில் தோட்டம் என்றால் வரலாற்றுப் புத்தகத்துக்கு 1948 ஜூன் 16, வெள்ளைக்கார மேலாளர் சுட்டுக்கொல்லப்பட்டது, அவசரகாலம். அங்கேயே மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பெயர் என்னவாக இருந்திருக்கும்? அதை வரலாற்றுப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை. நாவல்தான் தர முடியும். அதனால்தான் 'தத்ரூபம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நாம் திருப்தி அடைவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இப்போது பேராவில் எங்கே பார்த்தாலும் செம்பனை. தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் வந்துவிட்ட தமிழ்ப்பள்ளிகள்கூடப் பெயர்ப்பலகையில் இன்னும் 'லாடாங்' என்ற சொல்லைச் சுமந்து நிற்கின்றன. தோட்டம் போய்விட்டது, அதன் குறிப்பான் மட்டும் மதிலில் இருக்கிறது.

பாட்டி இப்போது எங்களோடு ஈப்போ புந்தோங்கில் இருக்கிறார். நான் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வீட்டுக்குள் நுழைந்தால், டீயை நீட்டிக்கொண்டே கேட்பார்: "என்னடா, காட்டுல வேலை முடிஞ்சுதா?" முன்பெல்லாம் "காடு இல்ல பாட்டி, ஃபேக்டரி" என்று திருத்துவேன்.