பொயின்ற் போகட்டும், டிஸ்ரிபியூட்டர் இருக்கட்டும்

பழைய காரின் பொயின்றைக் கழற்றிவிட்டு இலத்திரனியல் இக்னிஷன் பூட்டலாமா என்ற பேச்சு வன்னியில் எழும்போதெல்லாம், பொருளாதாரத் தடைக் காலம் எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கும். 1990இலிருந்து 2002 வரை பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் எட்டாப் பொருள்களாக இருந்தன. அப்போதும் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்வார்கள். பொயின்ற் கருகினால் சான்ட்பேப்பரால் தேய்த்துவிட்டுப் புறப்படலாம். செத்துப்போன ஓர் இலத்திரனியல் தொகுதியை எதைக் கொண்டு தேய்ப்பது என்று கேட்பவரின் கேள்வி நியாயமானது. ஆனால் மண்ணெண்ணெயில் ஒரு கார் ஓடியதற்கான காரணத்தை இன்னும் உள்ளே போய்த் தேட வேண்டும். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகத் தாழ்ந்தது. பெற்றோலுக்கு வைத்த நேரத்தில் பொறி விழுந்தால் எஞ்சின் 'நொக்' பண்ணும், பிஸ்ரன் அடிவாங்கும். ஆகவே பொறி பிந்தி விழ வேண்டும். மெக்கானிக் டிஸ்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, அதன் உடலைக் கையால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, காதைக் கொடுத்து, அந்த நொக் அடங்கும் இடத்தில் இறுக்கினார். அந்தக் கார்களை ஓடவைத்த கலை அதுதான். அதற்குப் பொயின்ற் வெறும் கருவி. கலை குடியிருந்த இடம் டிஸ்ரிபியூட்டர்.

கருவி என்பதால் அதன் அழகைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. அமெரிக்கப் பொறியியலாளர் சாள்ஸ் கெற்றரிங்கின் கையில் உருவாகி, ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கார்களில் ஏறிய ஏற்பாடு இது. பொயின்ற் மூடியிருக்கும்போது கொயிலின் முதற்சுற்றில் மூன்று நான்கு அம்பியர் ஓடிக் காந்தப்புலம் திரளும். நடுத்தண்டின் காம் பொயின்றைத் திறந்ததும் ஓட்டம் அறும், புலம் சரியும், இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ற் எழுந்து பிளக்கின் முனையில் பொறியாகும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் போகையில் இது செக்கனுக்கு 100 தடவை நடக்கிறது. 1960களின் மொறிஸ் மைனரில் இருக்கும் லூகாஸ் 25டி4 டிஸ்ரிபியூட்டரில் இந்த நிகழ்வு முழுவதையும் ஆளுவது, பொயின்ற் திறந்து நிற்கும் 0.38 மில்லிமீற்றர் அளவான ஓர் இடைவெளி. அதை ஒரு ஸ்குரூ டிரைவரும் பீலர் கேஜும் வைத்து மனிதக் கை அமைக்கிறது என்பதை நினைக்க நினைக்க வியப்பு அடங்காது.

ஆனால் அந்த இடைவெளி நிலைத்து நிற்பதில்லை என்பதே எனது வாதத்தின் அச்சு. காமில் உரசும் பொயின்றின் பைபர்க் குதி நாளும் பொழுதும் தேய்கிறது. தேயத் தேய இடைவெளி குறுகி, பொயின்ற் மூடியிருக்கும் கோணம் கூடுகிறது. அந்தக் கோணம் ஒரு பாகை கூடினால் கிராங்கில் ஏறத்தாழ ஒரு பாகை பொறி பிந்தும். மெக்கானிக் காதால் கேட்டு வைத்த நேரத்தைப் பொயின்றே மெல்ல மெல்லக் களவாடுகிறது. ஓட்டுபவர் காருக்கு வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார். இலத்திரனியல் தொகுதியில் உரசுவதற்கு எதுவும் இல்லை. காமில் ஒரு காந்த வளையம், பக்கத்தில் அதை உணரும் ஹோல் சென்சர், ஓட்டத்தை அறுக்க ஒரு ட்ரான்சிஸ்ரர், அவ்வளவுதான். கொயில் பழையதாகவே இருந்தால் பொறி பெரிதாக வலுக்காது. அப்படிச் சொல்லி விற்பவர்களை நான் நம்புவதில்லை. கிடைப்பது சீர். டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் சுருள்வில்களும் வேகத்துக்கேற்பப் பொறியை முந்த வைக்கும் வேலை அப்படியே தொடர்கிறது. மூன்றாம் கியரில் மெல்லப் போகும் கார், மிதித்ததும் தயங்காமல் இழுத்து எழும்போது அந்த எடைகள் விரியும் ஒழுங்கைக் காதாலேயே பின்தொடரலாம். பொயின்றின் தேய்மானம் இதுவரை மங்கலாக்கி வைத்திருந்த இசை அது.

பழமை கெடுமே என்பார்க்குச் சொல்ல அதிகமில்லை: மூடியைப் போட்டால் எதுவும் வெளியே தெரியாது, எந்த நாளும் திருப்பிப் பூட்டலாம். வழியில் நின்றுபோகும் பயம்தான் கனமானது. பொயின்ற் பெரும்பாலும் நோய்ப்பட்டு, முன்கூட்டியே இருமிக் காட்டிச் சாகும். தொகுதி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில், ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம் காட்டோரத்தில் அப்படி நிற்பது விளையாட்டல்ல. பற்றரி சோர்ந்த காரைக் கான்டில் போட்டுச் சுற்றி எழுப்பும் வேளையிலும் பொயின்ற் ஒத்துழைக்கும். மின்னழுத்தம் மிகத் தாழ்ந்தால் சில தொகுதிகள் மறுத்துவிடும். இவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வன்னித் தோட்டங்களையே பாருங்கள். ஹொண்டா ஜிஎக்ஸ் வரிசைச் சிறு எஞ்சின்கள் 1980களிலேயே பொயின்றைக் கைவிட்டுவிட்டன. புழுதியிலும் சேற்றிலும் கிடந்து கிணற்றுநீர் இறைக்கும் பம்புகளில் ட்ரான்சிஸ்ரர் இக்னிஷன் தாக்குப்பிடிக்கிறது. காரில் மட்டும் அது நொய்யதென்று கருத நியாயமில்லை. பொயின்றோடு சேர்த்துப் பூட்டவேண்டிய கண்டென்சர்களில் இன்று புதிதாக வாங்குபவை பல சூட்டில் சீக்கிரம் செத்துப்போகின்றன என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பயத்துக்கு மாற்று எளியது: இடைவெளி வைத்த பொயின்றும் கண்டென்சரும் பூட்டிய உதிரித் தட்டு ஒன்று டிக்கிக்குள் கிடக்கட்டும். வீதியோரத்தில் நின்றே மாற்றிவிடலாம்.

செய்பவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஏ40களும் மொறிஸ் மைனர்களும் பொசிற்றிவ் ஏர்த் கார்கள். நெகற்றிவ் ஏர்த்துக்கான தொகுதியை அப்படியே கொடுத்தால் முதல் திறப்பிலேயே எரியும். எஞ்சின் ஓடாமல் சாவியைத் திறந்தபடி விட்டாலும் சில தொகுதிகள் சூடாகிக் கெடும். தண்டின் புஷ் தேய்ந்து ஆடினால் முதலில் அதை மாற்ற வேண்டும். ஆட்டத்தைத் தொகுதி ஓரளவு பொறுக்கும், குணமாக்காது. பூட்டி முடித்ததும் நேரத்தைப் புதிதாக வைக்க வேண்டும். மண்ணெண்ணெய்க் காலத்தில் பின்னுக்குத் திருப்பிய டிஸ்ரிபியூட்டர் அதே இடத்தில் இறுகிக் கிடக்கும் கார்கள் இன்னும் இருக்கலாம். அந்த எஞ்சின்கள் பிறந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவின் தாழ்ந்த ரகப் பெற்றோலுக்கு; இன்று ஊற்றுவதோ ஒக்ரேன் 92. பிடியைத் தளர்த்தி, நொக் கேட்கும் எல்லைவரை முன்னுக்குத் திருப்பி, ஒரு சிறிது பின்வாங்கி இறுக்க வேண்டும். அதற்கு இப்போதும் காதுதான் வேண்டும்.