தழும்பை மறைக்காத அழகு

பாம்பன் பாலத்தைக் கடந்து தீவுக்குள் வரும் சுற்றுலா வாகனங்களுக்குப் பெரும்பாலும் ஒரு நாள் கணக்குதான். காலையில் இராமநாதசுவாமி கோயிலின் நெடும் பிராகாரம், பிறகு பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், மாலைக்குள் தனுஷ்கோடி. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பின்னர், அங்குள்ள இடிந்த ஆலயமும் பார்க்க வேண்டிய இடங்களுள் ஒன்றாகிவிட்டது. பவளப்பாறைக் கற்களால் எழுந்த அச்சுவர்களின் முன் நின்று மக்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள், சங்கு, பாசிமாலை விலை கேட்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். பலிபீடம் இருந்த திசை நோக்கி ஒரு கணம் தலை வணங்குவோர் அரியர்.

இத்தாலியின் கலைநகரான புளோரன்சுக்கும் இதே கதிதான். ஒரே நாளில் ஊர் முழுவதையும் பார்த்து முடிக்க விரும்புவோர் அங்கே ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். சாந்தா குரோச்சே எனப்படும் திருச்சிலுவைப் பேராலயத்தில் மைக்கேல் ஆஞ்சலோவின் கல்லறையையும் கலிலேயோவின் கல்லறையையும் கண்டதும் அடுத்த இடத்துக்கு விரைகிறார்கள். ஆனால் அதே ஆலயத்தில், நம் தனுஷ்கோடியோடு உறவு கொண்டாடத்தக்க கலைப்படைப்பு ஒன்று உள்ளது. அது பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிமாபுவே என்னும் ஓவியர் தீட்டிய மரச்சிலுவை.

அதற்கு முந்தைய இத்தாலியச் சிலுவை ஓவியங்களில் ஆண்டவர் பெரும்பாலும் கண் திறந்து, நிமிர்ந்து, வெற்றி வேந்தராகவே காட்சி தந்தார். பிரான்சிஸ்கன் துறவியரின் பக்தி நெறியோ பாடுபடும் கிறிஸ்துவை மக்களின் கண்முன் நிறுத்தியது. சிமாபுவேயின் இயேசு கண் மூடியிருக்கிறார். உடல் ஒருபுறமாக வளைந்து தொங்குகிறது. இடையில் உள்ள மெல்லிய துகிலும் அவரது வறுமையையே காட்டுகிறது. நான்கு மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் அவ்வுருவம் அரசரின் உருவமன்று, பலியானவரின் உருவம்.

1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு கரை உடைத்து நகருக்குள் புகுந்தது. சேறும் எண்ணெயும் கலந்த வெள்ளம் இச்சிலுவையை மூழ்கடித்தது. மரம் நீரில் ஊற, வர்ணத்தில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு உரிந்து போயிற்று. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1964 டிசம்பர் 22 இரவில், புயலும் கடலும் சேர்ந்து தனுஷ்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து சென்ற பயணியர் இரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் அவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தது.

புளோரன்சின் துயரில் உலகமே பங்கு கொண்டது. பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் வந்து சேற்றில் இறங்கி நூல்களையும் ஓவியங்களையும் மீட்டார்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் அவ்வாண்டின் கிறிஸ்து பிறப்புத் திருப்பலியை அந்நகரப் பேராலயத்திலேயே நிறைவேற்றினார். தனுஷ்கோடிக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. ஏழை மீனவரின் ஊருக்கும் கலைநகருக்கும் உலகம் ஒரே கண்ணீரை வைத்திருப்பதில்லை. இதையும் நாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆயினும் அங்கே சிலுவையைச் சீரமைத்தவர்களிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. பத்தாண்டு உழைப்புக்குப்பின் 1976-இல் பணி நிறைவுற்றபோது, இழந்த பகுதிகளை அவர்கள் புதிதாக வரைந்து நிரப்பியிருக்கவில்லை. எஞ்சிய நிறங்களுக்கு இசைவான நுண்ணிய கோடுகளை மட்டும் அவ்விடங்களில் இட்டிருந்தார்கள். தொலைவில் நின்றால் உருவம் ஒன்றாகத் தெரியும். அருகில் சென்றால் இழப்பு இழப்பாகவே தெரியும். ஓவியத்தைவிட இக்கோடுகளே கண்ணை இழுக்கின்றன எனக் குறை கூறியோரும் உண்டு. அக்குறையில் ஓரளவு நியாயம் இருக்கலாம். எனினும் என் தீர்ப்பு சீரமைத்தவர்களின் பக்கமே. ஏனெனில் அவர்கள் பொய் சொல்லவில்லை.

உயிர்த்த ஆண்டவர் தம் சீடரிடம் வந்தபோது காயங்களை அழித்துவிட்டு வரவில்லை. தோமாவிடம் அவற்றையே காட்டினார். மகிமை பெற்ற உடலிலும் தழும்பு இருந்தது என்பது நம் விசுவாசம். அப்படியிருக்க, பழுதை மறைப்பதே அழகு என்று நாம் ஏன் எண்ணுகிறோம்? திருவிழா வந்தால் பழைய மரச்சுரூபத்தின் மீது பளபளக்கும் எனாமல் பூசிவிடுகிறோம். புதிய ஆலயம் எழுப்புகையில், மூதாதையர் முழந்தாளிட்ட பழைய பீடத்தின் ஒரு கல்லைக்கூட விட்டுவைப்பதில்லை. பெருகிவிட்ட பங்குக்கு இடம் போதாதபோது ஆலயத்தை விரிவாக்குவது தேவைதான். ஆனால் விரிவாக்குவது வேறு, நினைவையே இடித்துத் தள்ளுவது வேறு.

ஒரு நாள் பயணத்தை நான் குறை கூறவில்லை. எளியவர்க்கு அந்த ஒரு நாள் கிடைப்பதே பெரிது. பார்ப்பதோடு நின்றுவிடுவதுதான் குறை. தனுஷ்கோடிக்கு விருந்தினரை அழைத்துச் செல்லும் நம் குடும்பங்கள், படம் எடுக்குமுன் அந்த இரயிலில் சென்றவர்களுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லட்டும். அங்கே இன்றும் மீன்பிடித்து வாழும் மக்களோடு இரண்டு வார்த்தை பேசட்டும். அப்போது அந்தச் சுவர்கள் வெறும் காட்சிப்பொருளாக இரா. சிமாபுவேயின் சிலுவையைப்போல், காயத்தோடு நின்று நம்மைச் செபிக்க அழைக்கும்.