முதலாளி பக்கம் நின்றேன்

பெர்னாண்டோ லெயோன் டே அரனோவாவின் 'எல் புவென் பத்ரோன்' (2021) பார்க்கும்போது ஓரிடத்தில் எனக்கே என்மேல் கூச்சமாகிவிட்டது. தராசு செய்யும் தொழிற்சாலை. விருதுக்குழு எந்நேரமும் வரலாம். வேலையிழந்த ஹோசே வாசலுக்கு எதிரே கூடாரம் போட்டு ஒலிபெருக்கியில் முதலாளியைத் திட்டுகிறார். நானோ, 'இந்த ஆளு எப்பத்தான் போவான்?' என்று முதலாளி பிளாங்கோவுக்காகக் கவலைப்படுகிறேன்!

ஹாவியேர் பார்டெம் செய்கிற வேலை அது. தொழிலாளர்களைப் பிள்ளைகள் என்பார். தோளில் கைபோட்டபடியே அவர்கள் வீட்டுச் சண்டைக்குள்ளும் நுழைந்துவிடுவார். உற்பத்தி மேலாளர் மிராயெஸின் மணவாழ்க்கை உடைவதுகூட இவருக்கு உற்பத்திக் கோளாறுதான். பயிற்சிக்கு வரும் லிலியானாவின் கதை மட்டும் எனக்கு ஒட்டவில்லை. அவள் குடும்ப நண்பரின் மகள் என்று விருந்தில் தெரியவருவதெல்லாம் பழைய நாடக உத்தி.

இதே இயக்குநரின் 'லோஸ் லூனஸ் அல் சோல்' (2002) படத்தில் வேலையிழந்த கப்பல்கட்டும் தொழிலாளியாக வந்தவரும் பார்டெம்தான். அங்கே வேலையற்றவர்களுக்கு மதுக்கடையில் கூடி உட்காரவாவது ஆள் இருந்தது. ஹோசே தனி. வாயிற்காவலர் மட்டும் அவருடைய கோஷத்தில் எதுகை சரியில்லை என்று குறை சொல்கிறார். சிரிச்சேன். மற்றவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது அப்புறம்தான் உறைத்தது.