கை நடுக்கமும் சாட்சியமும்

'படம் ரொம்ப ஆடுது தோழர், கொஞ்சம் நிறுத்திக் குடுங்க.' ஆவணப்படம் எடுப்பவர்கள் எடிட்டிங் மேசையில் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. எதை நிறுத்துவது என்று யாரும் கேட்பதில்லை.

எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டரை, பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஒரு நண்பர் போனில் எடுத்திருந்தார். நடுக்கம் நீக்கும் மென்பொருளில் போட்டோம். கரும்புப் பாரம் சுவர் மாதிரி அசையாமல் நிற்கிறது. ரோடும் மரங்களும் கிடந்து குதிக்கின்றன. சிரித்தோம். ஆனால் மென்பொருளின் தர்க்கப்படி அது தவறே இல்லை. பிரேமுக்குள் ஒரு மூலை, ஒரு விளிம்பு என்று தெளிவான புள்ளிகளைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த பிரேமில் அவை எங்கே போயின என்று தேடுகிறது. பெரும்பான்மைப் புள்ளிகள் எந்தப் பக்கம் நகர்ந்தனவோ அதைக் காமிராவின் ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு, படத்தை அதே அளவு எதிர்த்திசையில் தள்ளுகிறது. ஒத்துப்போகாத புள்ளிகள் 'விலகல்' என்று கணக்கிலிருந்தே நீக்கப்படுகின்றன. கரும்பு திரையை அடைத்திருந்தது, ஆகவே ரோடு விலகல் ஆயிற்று. (பெரும்பான்மையே நிலையானது என்ற இந்தக் கணக்கு நமக்கொன்றும் புதிதல்ல.)

தள்ளிய படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியும். அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்கி நாலு பக்கமும் வெட்டுகிறோம். ஓரத்தில் நின்ற ஆட்கள்தான் முதலில் காணாமல் போகிறார்கள்.

1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்று ஆவணப்படம் எடுத்தார். இப்படியொரு காட்சியை நிறுத்தச் சொன்னால் எதில் நிறுத்துவது? தண்ணீரில் பிடிமானப் புள்ளி கிடைக்காது, கணத்துக்குக் கணம் மாறுவது அது. கரையில் லத்தியோடு நிற்பவரில் குத்தினால் அவர் அமைதியாக நிற்பார், ஆற்றுக்குள் இருப்பவர்கள் தள்ளாடுவார்கள். புள்ளியைத் தேர்வதே ஒரு வாசிப்பு.

ஆட்டம் என்பது வெறும் பிழையும் அல்ல. 1963இல் கென்னடி கொலையை ஆப்ரகாம் ஸப்ரூடர் 8 மி.மீ. பிலிமில் எடுத்தார், 26 வினாடிச் சொச்சம். சில பிரேம்களில் வெளிச்சப் புள்ளிகள் கோடாக இழுபட்டிருப்பதைப் பார்த்த இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸ், சுட்ட சத்தத்தில் படமெடுத்தவரின் உடல் திடுக்கிட்டதன் தடம் அது என்று 1976இல் எழுதினார். அவர் சொன்ன கணக்கில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆனால் கேள்வி சரியானது. நடுங்கிய கை அந்த இடத்தில் இருந்த கை. நிறுத்திய படத்தில் அசைவு போய்விடும், இழுபட்ட மங்கல் மட்டும் தங்கிவிடும். காரணம் தெரியாமல் படம் நின்ற இடத்திலேயே கலங்கித் தெளியும்.

அதற்காக மென்பொருளைத் தீண்டவே கூடாது என்று சொல்லவில்லை. அதே ஸப்ரூடர் பிலிமை ராபர்ட் குரோடன் ஆட்டம் குறைத்துக் கொடுத்த பிறகுதான் 1975இல் அமெரிக்க ஜனங்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். பார்ப்பதற்கு ஒரு பிரதி வேண்டியதுதான். அதை மூலத்தின் இடத்தில் உட்கார வைப்பதுதான் பிரச்னை.

2009 ஆகஸ்டில் சானல் 4 ஒளிபரப்பிய, இலங்கையில் கைகள் கட்டப்பட்ட நிர்வாணமான ஆண்களைச் சுட்டுக் கொல்லும் வீடியோவை நினைத்துக்கொள்ளலாம். இலங்கை அரசு அதைப் போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் கொடுத்தார். 2010 ஜனவரியில், அது உண்மையானதாகவே தெரிகிறது என்று அறிவித்தார். கோப்பில் பதிவாகியிருந்த தேதி, கடைசி 17 பிரேம்கள் என்று விளங்காத சில இருப்பதையும் மறைக்காமல் சொன்னார். நல்லெண்ணம் கொண்ட ஒருவர் இடையில் அதை 'நிறுத்தி' மறுபதிவு செய்திருந்தால்? போலி என்றவர்களுக்கு அதுவே போதுமாயிருக்கும்.

2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவில், மின்னணுப் பதிவோடு கோப்பின் ஹாஷ் எண்ணையும் சான்றிதழில் தரவேண்டும். ஒரு பிரேமைத் தொட்டாலும் அந்த எண் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினாலே சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடுகிறது. போலீஸ் அடிக்கும்போது எடுத்ததை நம் தோழர்கள் அழகுபடுத்தி, சுருக்கி, மூலத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டு வருகிறார்கள். 'இடம் இல்லங்க, போன் நிறைஞ்சு போச்சு' என்கிறார்கள்.

எறையூர் நண்பரின் மூலக்கோப்பு பத்திரமாக இருக்கிறது. அதில் ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் அவர் கையில் தெரிகிறது.