மறைத்து வைக்கப்பட்ட ஆப்: லைன் வீடு, அலர், அந்தரங்கம்

வால்பாறை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். சார்ஜர் வாங்கப் போனது. எனக்கு முன்னால் ஓர் எஸ்டேட் தொழிலாளி, ஐம்பதை நெருங்கும் பெண், தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தார். கடைத் தம்பியிடம் போனை நீட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, இந்தப் பணம் அனுப்பற ஆப் இருக்குதல்ல, இது யாரு கண்ணுலயும் படாத மாதிரி பண்ணிக் குடுங்க. அழிச்சுப்போடாதீங்க." தம்பி அரை நிமிஷத்தில் முடித்துவிட்டான். "அவ்ளோதானுங்க்கா."

எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்தது. கண்காணிப்பு பற்றி நாலு புத்தகம் படித்தவனுக்கு வரும் சிரிப்பு அது. படத்தை மறைத்துவிட்டால் ஆப் மறைந்துவிடுமா என்ன? நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஆழியாறு வருவதற்குள் அந்தச் சிரிப்பு எனக்கே உறுத்த ஆரம்பித்துவிட்டது. இந்தக் கட்டுரையை அந்தச் சிரிப்பின் மீதான விமர்சனமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் சிரிப்பின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். போனின் முகப்புத் திரை கடையின் கண்ணாடி அலமாரி மாதிரி. அலமாரியிலிருந்து எடுத்துவிட்டால் சரக்கு குடோனில் இல்லாமல் போய்விடாது. ஐகானை மறைப்பது, ஆப்பை முடக்குவது, ஆப்பையே நீக்குவது மூன்றும் மூன்று வேறு செயல்கள். மறைக்கப்பட்ட ஆப், முன்பு கேட்டு வாங்கிய அனுமதிகளோடு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தொடர்புப் பட்டியல், இருப்பிடம், மைக் எதையும் அது திருப்பித் தரவில்லை. போனோடு ஒட்டியே வரும் ஆப்கள் பலவற்றை முடக்கத்தான் முடியும், நீக்க முடியாது. 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், பல மாதங்கள் தொடாமல் கிடக்கும் ஆப்பின் அனுமதிகளைப் போன் தானே திரும்பப் பெறும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் தினமும் திறக்கிற ஆப்புக்கு, அதை எந்த மூலையில் ஒளித்து வைத்திருந்தாலும், இது பொருந்தாது. 2024இல் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ஆப்களைத் தனிப் பூட்டுக்குள் வைக்கும் வசதி வந்தது. போனுக்குள்ளேயே ஓர் அறை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் அறை இருப்பவர்களுக்குப் போனிலும் அறை கிடைக்கிறது. லைனில் கைமாறிக் கைமாறி வரும் பழைய போன்களுக்கு ஐகானை நகர்த்துவதுதான் அறை.

ஆக, ஐகானை மறைப்பது பக்கத்தில் இருப்பவர் கண்ணிலிருந்து மறைப்பது. நிறுவனத்தின் கண்ணுக்கு அதனால் ஒரு குறைவும் இல்லை. நம்முடைய விமர்சனங்களெல்லாம் இந்த இரண்டாவது கண்ணைப் பற்றியே பேசுகின்றன. முதல் கண்ணை அற்பம் என்று ஒதுக்குகின்றன. என் சிரிப்பு அங்கிருந்து வந்ததுதான்.

ஃபூக்கோவின் 1975ஆம் வருடப் புத்தகத்தின் பிரெஞ்சுத் தலைப்பிலேயே 'கண்காணித்தல்' இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போனபோது அது 'ஒழுக்கம்' ஆகிவிட்டது. 1791இல் பெந்தாம் அச்சிட்ட சிறைத் திட்டத்தை அவர் அதில் எடுத்துப் பேசுகிறார். நடுவே கோபுரம், சுற்றிலும் வட்டமாக அறைகள். கோபுரத்தில் இருப்பவர் எல்லோரையும் பார்க்கலாம், அவரை யாரும் பார்க்க முடியாது. பார்க்கப்படுகிறோமோ என்கிற ஐயமே கைதியை ஒழுங்குக்குள் கொண்டுவந்துவிடும். எஸ்டேட்டைப் பார்த்தவுடன் நமக்கு இந்தப் படம் ஞாபகம் வரும்: மேட்டில் துரை பங்களா, சரிவில் வரிசையாக லைன் வீடுகள். நானும் அப்படிப் பேசித் திரிந்தவன்தான். இப்போது அது அவசரம் என்று படுகிறது. பெந்தாமின் கைதிக்கு ஒரு தனி அறையாவது உண்டு. அவன் தனியாக இருந்தால்தான் அந்த யந்திரமே வேலை செய்யும். லைன் வீட்டில் தனி என்பதே கிடையாது. பெரும்பாலும் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொன்று. இருமினால் கேட்கும், அழுதாலும் கேட்கும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரும் கடமையை நிர்வாகத்தின் மேல் வைத்தது. ஆனால் வீடு வேலையோடு ஒட்டியது, வேலை முடிந்தால் வீட்டையும் காலி பண்ண வேண்டியதுதான். கதவு உண்டு, கதவின் மீது உரிமை இல்லை. இங்கே கோபுரத்துக் கண் மட்டும் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் எத்தனையோ கண்கள் பார்க்கின்றன, பார்க்கப்படவும் செய்கின்றன. ஃபூக்கோவை அப்படியே தூக்கி மலைக்கு மேலே வைத்தால் இந்தப் பக்கவாட்டுப் பார்வை நமக்குத் தெரியாமலே போய்விடும்.

மேலிருந்து பார்க்கும் கண்ணும் பக்கத்திலிருந்து பார்க்கும் கண்ணும் தோட்டத்தில் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 'கங்காணி' என்ற சொல் 'கண்காணி'யின் திரிபு. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பைக் குறிக்க வருகிற சொல் அது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து, முன்பணத்தில் கட்டிப்போட்டு, வேலை வாங்குகிறவரின் பெயராகி ஆங்கில அகராதிக்குள்ளும் ஏறிவிட்டது. ஆனைமலையில் அதே வேலையை மேஸ்திரி செய்தார். டாக்டர் பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, இரா. முருகவேள் தமிழாக்கத்தில் 'எரியும் பனிக்காடு' என்று நாம் படித்த நாவல் இந்த மலையின் அந்தக் காலத்தைச் சொல்கிறது. மேஸ்திரி வேற்றாள் அல்லர். தொழிலாளியின் ஊரையும் உறவையும் அறிந்தவர். கடன், உறவு, பார்வை மூன்றும் ஒரே கையில் இருந்தன. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் அகம் ஞாபகம் வராமல் இருக்காது. அகம் என்றால் உள், மனம், வீடு. இதை வைத்து நாம் நிறையப் பெருமை பேசிவிட்டோம், உலகத்துக்கே அந்தரங்கத்தைக் கற்றுக்கொடுத்தது தமிழன்தான் என்கிற அளவுக்கு. கவனித்துப் படித்தால் அகப்பாடல்களில் பெண்ணுக்கு வீடு பாதுகாப்பான இடமே அல்ல. தாய் காவல், செவிலி காவல், சந்தேகம் வந்தால் இற்செறிப்பு. களவு நடப்பது வெளியே, தினைப்புனத்திலும் கடற்கரைச் சோலையிலும். ஊர் தனக்குள் முணுமுணுத்தால் அம்பல், வாய்விட்டுப் பேசினால் அலர். அங்கேயும் முதல் எதிரி பக்கத்துக் கண்தான். ஆனால் தொல்காப்பியர் ஒரு காரியம் செய்தார்: அகத்தில் வருகிறவர்களின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்று விதித்தார். பெயர் வந்துவிட்டால் அது புறம். ஊர் அலர் தூற்றலாம், ஆனால் பாட்டைப் படிக்கும் நமக்கு அந்தப் பெண் யாரென்று கடைசிவரை தெரியாது. இன்றைய ஆப் இதற்கு நேர்மாறான இலக்கணத்தில் எழுதப்பட்ட பிரதி. ஐகானை மறைக்க விடும், பெயரை மறைக்க விடாது. போன் நம்பர், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் பெயரோடு முடிச்சுப் போட்ட பிறகுதான் அது வாசலையே திறக்கிறது. (தமிழில் இந்த விஷயத்துக்குச் சரியான சொல்லும் அமையவில்லை. 'அந்தரங்கம்' என்றால் ஜனரஞ்சகப் பத்திரிகைகளின் கேள்வி-பதில் பக்க வாடை அடிக்கிறது. 'தனியுரிமை' என்றால் ஏகபோகம் என்று அர்த்தமாகிறது. அந்த அக்கா சொன்ன 'யாரு கண்ணுலயும் படாம' இரண்டையும்விடத் துல்லியம்.)

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "மொதல்ல கார்ப்பரேட்டப் பேசுங்க தோழர். புருஷன் பொண்டாட்டி சமாச்சாரத்த அப்புறம் பாத்துக்கலாம்." நம் இயக்கங்களில் இந்த 'அப்புறம்' எவ்வளவு காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் ஒரு போன் இருந்தால் அது யாருடைய போன்? பகலில் அவர் கையில், சாயங்காலம் பையன் விளையாட எடுத்துக்கொள்கிறான், ராத்திரி புருஷன் புரட்டிப் பார்க்கிறார். பூட்டின் கோலம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆண் போனைப் பூட்டி வைத்தால் அது பழக்கம்; பெண் பூட்டி வைத்தால் 'அப்படி என்ன இருக்குது அதுக்குள்ள?' என்கிற கேள்வி. பூட்டு போட்டதே அலராகிவிடுகிறது. அதனால்தான் அவர் பூட்டு கேட்கவில்லை. பூட்டு இருப்பதே தெரியாத ஒரு மறைவைக் கேட்டார். எதற்கான பணம் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவருடைய சொந்த உழைப்பின் கூலி அவருடைய கண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டும் என்பது, எந்தச் சிந்தனையாளரையும் துணைக்கு அழைக்காமலே புரிய வேண்டிய அரசியல்.

இனி அந்த இரண்டு கண்களும் சேருகிற இடத்துக்கு வருவோம். 2020க்குப் பிறகு இந்தியா முழுக்க உடனடிக் கடன் ஆப்கள் பரவின. சில ஆயிரம் ரூபாய் கடன், ஒரு வாரத் தவணை, கொள்ளை வட்டி. நிறுவும்போதே தொடர்புப் பட்டியலையும் படங்களையும் அள்ளிக்கொள்ளும். தவணை தவறினால் உங்கள் அக்காவுக்கு, முதலாளிக்கு, பக்கத்து வீட்டுக்குப் போன் போகும். மாற்றி ஒட்டிய ஆபாசப் படங்கள் போகும். அவமானத்தில் உயிரை விட்டவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் கடன் விதிகள், தொடர்புப் பட்டியல், படக் கோப்புகள், அழைப்புப் பதிவு ஆகியவற்றைக் கடன் ஆப்கள் தொடக்கூடாது என்றன. விதிக்கு வெளியே நிற்கும் ஆப்களுக்கு விதி எதற்கு? கவனியுங்கள், இங்கே நிறுவனம் கோபுரத்தில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அது ஊராக மாறுகிறது. அலர் தூற்றுவதையே வசூல் முறையாக ஆக்கிக்கொள்கிறது. கடன், உறவு, பார்வை மூன்றும் மறுபடியும் ஒரே கையில். மேஸ்திரிக்காவது ஒரு முகம் இருந்தது. முதல் கண் அற்பம், இரண்டாவது கண்தான் அரசியல் என்று பிரித்துப் பேசிய நம் கோட்பாடு இந்த இடத்தில் உடைந்துபோகிறது. கடன் ஆப்பை ஐகான் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த பெண்ணை, அந்த ஆப்பே வீட்டுக்குக் காட்டிக்கொடுக்கிறது.

அரசின் கண் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2025 நவம்பர் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை, புதிய போன்கள் எல்லாவற்றிலும் 'சஞ்சார் சாத்தி' ஆப்பை ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அது வாங்குகிறவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும், அதன் செயல்பாடுகளை முடக்கக்கூடாது என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பி, டிசம்பர் 3இல் கட்டாயத்தை வாபஸ் வாங்கினார்கள். ஐகான் என்பது வெறும் படம் என்று சிரித்த என்னைப் போன்றவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். எது திரையில் தெரிய வேண்டும் என்பதற்கு ஓர் அரசே உத்தரவு போடுகிறதென்றால் அது வெறும் படம் அல்ல.

இன்னொரு பக்கம் 'குப்பை நீக்கம்' என்கிற நடுத்தர வர்க்கச் சொல்லாடல். வேண்டாத ஆப்களைத் தூக்குங்கள், மிச்சத்தை அடுக்கிப் பெட்டிக்குள் போடுங்கள், அறிவிப்புச் சத்தங்களை அணையுங்கள், மனம் அமைதியாகும் என்கிறார்கள். தப்பில்லை. நானும் அடுக்கி வைத்திருக்கிறேன். ஆனால் சத்தத்தை அணைத்துவிடு என்கிற புத்திமதியை வால்பாறையில் சொல்லும் முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இங்கே நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆய்வாளர்கள் பத்து வருஷத்துக்கு மேலாகவே, யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று மொத்த எஸ்.எம்.எஸ். அனுப்பும் ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறார்கள். மேடான இடங்களில் சிவப்பு விளக்குக் கம்பங்களும் உண்டு. பக்கத்தில் யானை இருந்தால் செல்போனிலிருந்தே விளக்கை எரியவிடலாம். அந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. இருட்டில் லைனுக்கு நடந்து போகிறவருக்கு அந்த ஒரு வரிச் செய்தி குப்பை அல்ல. அதற்கு ஐகானும் இல்லை, பட்டன் போனுக்கும் வரும். விளக்கு எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்றே வைக்கப்பட்டது. எது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும், எது ஒருவர் கண்ணில் மட்டும் படவேண்டும் என்பதை அந்தந்த இடத்து ஆட்கள்தான் தீர்மானிக்க முடியும். போன் கம்பெனியின் அடுக்குமுறைக்கு இது தெரியாது.

கடைக்கே திரும்பிப் போகிறேன். வேலை முடிந்ததும் அந்த அக்கா, மறைத்த ஆப் இன்னும் ஓடுகிறதா என்று பார்க்கவோ என்னவோ, கூலியை அதிலேயே கொடுத்தார். கொடுத்த கையோடு போன் ஒரு சத்தம் போட்டது. பூட்டிய திரையின் மேலேயே வங்கியின் எஸ்.எம்.எஸ்.: இவ்வளவு பற்று, இவ்வளவு இருப்பு. இரண்டு பேருமே அதைப் பார்த்தபடி நின்றார்கள்.

"இது வருமுங்க்கா. பேங்க்காரன் அனுப்பறது, நாம நிறுத்த முடியாது," என்றான் தம்பி.

"அப்பறம் நீங்க மறைச்சு என்னத்துக்குங்க தம்பி?"

அவன் திரையில் செய்தி விரியாதபடி எதையோ மாற்றினான். பிறகு, வருகிற செய்தியை எப்படி அழுத்திப் பிடித்து அழிப்பது என்று காட்டினான். "பையன் வாங்கறதுக்கு முன்னாடி அழிச்சிருங்க." அவர் அதை இரண்டு தடவை தானே செய்து பார்த்தார். மூன்றாவது தடவை செய்யப் போகும்போதுதான், பின்னால் நின்று நானும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். போனைத் திருப்பி மார்போடு வைத்துக்கொண்டார்.